வாங்கிய பதிப்பை வாங்கியவரிடமே விட்டுவையுங்கள்

கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் கடைக்காரர்களுக்கும், அவற்றை உருவாக்கி வெளியிடும் நிறுவனத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

திருநெல்வேலி டவுண், ஜங்ஷன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், அம்பாசமுத்திரம், வள்ளியூர்ப் பக்கங்களில் சிஸ்டம் பொருத்துவதும், பழுது பார்ப்பதும், விளையாட்டு ஏற்றிக் கொடுப்பதும் எங்கள் தொழில். உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஒருவர் காசு கொடுத்து உங்கள் விளையாட்டை வாங்கினால், வாங்கிய அன்று இருந்த பதிப்பும், அதற்குப் பிறகு நீங்கள் வெளியிட்ட பதிப்புகளும் அவர் கணக்கில் இருக்க வேண்டும். எது வேண்டுமோ அதை அவரே தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ள வேண்டும். அப்டேட்டே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. புதியதைக் கொடுக்கும்போது பழையதைப் பிடுங்காதீர்கள் என்கிறோம்.

பத்தமடையில் ஒருவர் பாய் வாங்கினால் அது அவர் வீட்டுப் பாய். நெய்தவர் அடுத்த வருஷம் அதைவிட நல்ல பாய் நெய்யலாம். அதற்காக விற்ற பாயை ராத்திரியோடு ராத்திரியாக உருவிக்கொண்டு போகமாட்டார். டிஸ்க்கில் விளையாட்டு விற்ற காலத்தில் நீங்களும் அப்படித்தான் இருந்தீர்கள். பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) டிஸ்க் வைத்திருப்பவர் நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஏற்றினால் டிஸ்க்கில் பதிந்த பதிப்பே ஏறுகிறது. அதே விளையாட்டை டிஜிட்டலாக வாங்கியவருக்கு, நீங்கள் கடைசியாக எதை வைத்தீர்களோ அது மட்டும்தான்.

இங்கே எந்த மாதிரி சிஸ்டங்கள் புழங்குகின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அது தெரிந்தால் மீதி எல்லாம் விளங்கும். வீடுகளிலும் சிறிய விளையாட்டுக் கூடங்களிலும் நிறைய இருப்பவை, பெரிய ஊர் அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல், எச்பி, லெனோவோ பெட்டிகள். கோர் ஐ3 2100, ஐ5 2400 போன்ற இரண்டாம் தலைமுறை இன்டெல் சிப், 4 அல்லது 8 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்காது. சிப்போடு வரும் எச்டி 2000 கிராஃபிக்ஸ்தான். திரையில் படம் வரைய விளையாட்டுகள் பயன்படுத்தும் ஓப்பன்ஜிஎல் என்ற முறையில், அதன் விண்டோஸ் டிரைவர் 3.1 வரைதான் போகும். மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்போ 1.17 முதல் ஓப்பன்ஜிஎல் 3.2 கேட்கிறது. ஒரு புள்ளிதான் வித்தியாசம். 1.16.5 தங்குதடையில்லாமல் ஓடும் பெட்டியில் 1.17 திறக்கவே திறக்காது. ஐ5 3470 போன்ற மூன்றாம் தலைமுறை சிப்பில் ஓப்பன்ஜிஎல் 4.0 இருப்பதால் அங்கே இந்தத் தடை இல்லை. வெளியே பார்த்தால் இரண்டு பெட்டியும் ஒரே அச்சு.

மைன்கிராஃப்ட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இந்த விஷயத்தில் எல்லாரும் பார்த்துப் படிக்க வேண்டியது அதைத்தான். அதைத் திறக்கும் லாஞ்சர் செயலியில் இன்ஸ்டலேஷன்ஸ் தாவலுக்குப் போய், புதிய இன்ஸ்டலேஷன் அமைத்து, பதிப்புப் பட்டியலில் 1.16.5-ஐத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. ஹிஸ்டாரிக்கல் என்ற பெட்டியில் டிக் போட்டால் பழைய ஆல்ஃபா, பீட்டா பதிப்புகள்கூடப் பட்டியலில் வந்துவிடும். 1.16.5-க்கு ஜாவா 8, 1.17-க்கு ஜாவா 16, 1.18-க்கு ஜாவா 17, 1.20.5-க்கு ஜாவா 21 என்று தேவை மாறிக்கொண்டே வந்தாலும், அந்தந்தப் பதிப்புக்கு உரிய ஜாவாவை லாஞ்சரே கொண்டுவந்து வைக்கிறது. வாங்கியவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பதிப்புக்கு ஒரு தனிக் கோப்புறையை கேம் டைரக்டரியாகக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பழைய பதிப்பில் ஆடிச் சேமித்த உலகத்தைப் புதிய பதிப்பில் தெரியாமல் திறந்துவிடுவார்கள். உலகம் புதிய வடிவத்துக்கு மாறிவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்பாது.

இதற்கு நேர் எதிரானது 2023 செப்டம்பர் 27-இல் நடந்தது. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில், கவுண்டர் ஸ்டிரைக் குளோபல் அஃபென்சிவ் இருந்த இடத்திலேயே, அதே எண்ணில், கவுண்டர் ஸ்டிரைக் 2 வந்து உட்கார்ந்தது. டைரக்ட்எக்ஸ் 9 என்ற பழைய கிராஃபிக்ஸ் முறை, 32 பிட் விண்டோஸ், மேக் மூன்றுக்கும் ஆதரவு போயிற்று. பழைய விளையாட்டை பீட்டா தாவலில் ஒரு கிளையாக, அதாவது தனியே தேர்ந்தெடுக்கும் பதிப்பாக, விட்டுவைத்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் 2024 ஜனவரி 1-உடன் அதற்கான ஆதரவு முடிந்தது. உள்ளூர் கேபிளில் நாலு சிஸ்டத்தை இணைத்து பாட் (கணினியே ஆட்டும் எதிராளி) வைத்து ஆடுகிறவர்களுக்கு அந்தக் கிளை போதும். அது இருக்கிற விவரம்தான் யாருக்கும் தெரியாது. சிஸ்டத்தில் விளையாட்டு திறக்கவில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ரேம் மாற்றியும் விண்டோஸை மறுபடி ஏற்றியும் அந்த நோய் தீராது. பிராப்பர்ட்டீஸ், பீட்டாஸ் என்று போய்க் கிளையை மாற்றினால் தீரும். உங்கள் கடைப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

அடுத்தது மாட். விளையாட்டுக்கு ஆர்வலர்கள் எழுதிச் சேர்க்கும் இந்தக் கூடுதல் பகுதிகள் ஏன் அப்டேட்டில் உடைகின்றன என்பது உங்கள் நிரலாளர்களுக்கு நன்றாகத் தெரியும். ஸ்கைரிம், ஃபால்அவுட் 4 இரண்டிலும் பெரிய மாட்கள் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற கருவியை நம்பியிருக்கின்றன. அது விளையாட்டின் இயக்கக் கோப்புக்குள் எந்தச் செயல்பாடு எந்த முகவரியில் இருக்கிறது என்று பார்த்து அங்கே கொக்கி மாட்டுகிறது. நீங்கள் ஒரே ஒரு வரியை மாற்றி, நிரலை மறுபடி இயக்கக் கோப்பாக ஆக்கினாலும் (கம்பைல் செய்தாலும்) முகவரிகள் நகர்ந்துவிடும். கொக்கி வேறெங்கோ மாட்டும், விளையாட்டு திறந்த நொடியே மூடும். 2021 நவம்பரில் ஸ்கைரிம் 1.5.97-இலிருந்து 1.6-க்குப் போனபோது கம்பைலரே மாறியது. மாட் எழுதியவர்கள் முதலிலிருந்து முகவரி தேட வேண்டியதாயிற்று. 2024 ஏப்ரல் 25-இல் ஃபால்அவுட் 4 1.10.163-இலிருந்து 1.10.980-க்குப் போனது. அதே வாரம் வெளிவர இருந்த ஃபால்அவுட் லண்டன் என்ற மாபெரும் மாட் ஜூலை 25 வரை தள்ளிப்போனது. கடைசியில் அதை விளையாட, வாங்கியவர்கள் விளையாட்டைப் பழைய பதிப்புக்கு இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த இறக்கும் கருவியையும் மாட் எழுதியவர்களே செய்து கொடுத்தார்கள். விற்றவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது.

இதில் தமிழுக்கு மட்டும் உரிய ஒரு கஷ்டம் இருக்கிறது. வேறு எவரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லப் போவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். ஒரு விளையாட்டின் உரையாடலைத் தமிழில் மாற்ற முனைபவர் சொற்களை மட்டும் மாற்றினால் போதாது. ‘கொ’ என்ற எழுத்து யூனிகோடில் ‘க’ என்றும் ஓர் ஒகரக் குறி என்றும் இரண்டாகத்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியைப் பிளந்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். பல விளையாட்டு எஞ்சின்களின் எழுத்துக் கருவிகள், யூனிட்டியில் பரவலாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ்புரோ உட்பட, இந்த வேலையைத் தாமாகச் செய்வதில்லை. ஆகவே பெயர்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகளை அடுக்கி, அதற்கென்று ஒரு எழுத்துரு செய்து, விளையாட்டின் படம், உரை எல்லாம் அடங்கிய அசெட் கோப்புக்குள் இரண்டையும் திணிக்கிறார். மாதக்கணக்கான வேலை. நீங்கள் ஒரு சின்ன அப்டேட் விட்டால் அந்த அசெட் கோப்பு அப்படியே மேலெழுதப்படுகிறது. உரைகளின் வரிசை எண்ணும் நகர்ந்துவிடுகிறது. பழைய பதிப்பை இறக்க வழி இருந்தால் அந்தத் தமிழ், பதிப்பு எண்ணோடு சேர்ந்து என்றைக்கும் நிற்கும். வழி இல்லையென்றால் ஒரே ராத்திரியில் வீண்.

விளையாட்டுக் கூடத்திலும் கல்லூரி விடுதியிலும் எட்டுப் பேர் சேர்ந்து ஆட எட்டு சிஸ்டத்திலும் ஒரே பதிப்பு வேண்டும். ஒன்று மட்டும் அப்டேட் ஆகிவிட்டால் அந்த ஒன்று சேராது. சரி, எட்டையும் ஏற்றலாமே என்பீர்கள். 30 ஜிபி அப்டேட் என்றால் 40 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பில், வேறு யாரும் நெட்டைத் தொடாமல் இருந்தால், ஒரு சிஸ்டத்துக்கு 100 நிமிடம். மாஞ்சோலைப் பக்கமோ ராதாபுரம் தேரிக்காட்டுப் பக்கமோ மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்பவருக்கு நாளைக்கு 1.5 ஜிபி கணக்கில் 20 நாள். அந்த 20 நாளும் விளையாட்டு திறக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரண்ட் போய்ப் போய் வரும்போது பாதியில் நிற்கும் அப்டேட்டுகளைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம்.

இறக்குவது ஒரு பாடு, ஏற்றுவது இன்னொரு பாடு. ஸ்டீம் மாறிய துண்டுகளை மட்டும்தான் இறக்கும், உண்மை. ஆனால் நீங்கள் எல்லாவற்றையும் ஒரே 30 ஜிபி மூட்டைக் கோப்பாகக் கட்டி வைத்திருந்தால், அதற்குள் 100 எம்பி மாறினாலும் முழுக் கோப்பையும் பழையதற்குப் பக்கத்தில் புதிதாக எழுதிவிட்டுத்தான் பழையதை நீக்கும். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் நிறைந்திருந்தால் இடம் போதவில்லை என்று நின்றுவிடும். மூட்டையைச் சிறிது சிறிதாகக் கட்டுங்கள் என்று ஸ்டீம் உங்களுக்குத் தந்த வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. தயவுசெய்து அதைப் படியுங்கள்.

இப்போது, வாங்கியவர் பழைய பதிப்பை எடுக்க இன்று என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஸ்டீமில் இதற்குப் பட்டன் கிடையாது. விண்டோஸ் விசையும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தி, வரும் சின்னப் பெட்டியில் ஸ்டீம் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, ஓப்பன், ஒரு சாய்கோடு, கன்சோல் என்று முடித்து என்டர் தட்டினால் ஸ்டீமுக்குள் கன்சோல் தாவல் திறக்கும். அங்கே டவுன்லோட், டெப்போ என்ற இரண்டு சொல்லையும் அடிக்கோட்டால் இணைத்து அடித்து, அதன் பின் இடைவெளி விட்டு மூன்று எண் கொடுக்க வேண்டும். முதலாவது விளையாட்டின் எண். இரண்டாவது டெப்போ எண், அதாவது கோப்புத் தொகுதியின் எண். மூன்றாவது மேனிஃபெஸ்ட் எண். அது 18, 19 இலக்கம்வரை நீளும், குறிப்பிட்ட ஒரு நாளைய பதிப்பைக் குறிக்கும். இந்த எண்கள் உங்கள் பக்கத்தில் கிடைக்காது. வெளியார் நடத்தும் ஸ்டீம்டிபி என்ற இணையதளத்தில் தேதி பார்த்துத் தேட வேண்டும்.

இதில் தவறுவது எங்கே என்றால், முதலாவதாக, டெப்போ எடுப்பதில். ஒரு விளையாட்டுக்கு ஒரு டெப்போ மட்டும் இருப்பதில்லை. இயக்கக் கோப்பு ஒன்றில், படமும் ஒலியும் இரண்டு மூன்றில், மொழி ஒன்றில், டிஎல்சி (தனியாக விற்கும் கூடுதல் பகுதி) ஒவ்வொன்றும் தனித்தனியில் இருக்கும். இயக்கக் கோப்பை மட்டும் பழையதாக்கிவிட்டு மற்றவற்றைப் புதியதாகவே விட்டால் திறந்ததும் மூடிக்கொள்ளும். ஒரே தேதியின் மேனிஃபெஸ்ட்டை எல்லா டெப்போவுக்கும் எடுத்தாக வேண்டும். அடுத்து, கன்சோல் எத்தனை சதவீதம் இறங்கியது என்று காட்டாது. இறங்குகிறது என்று ஒரு வரி போட்டுவிட்டு மணிக்கணக்கில் சும்மா இருக்கும். நின்றுவிட்டது என்று நினைத்துப் பலர் மூடிவிடுகிறார்கள். முடிந்தது என்ற வரி வரும்வரை காத்திருக்க வேண்டும். இறங்கியவை ஸ்டீம்ஆப்ஸ் கோப்புறைக்குள் கன்டென்ட் என்ற கோப்புறையில் கிடக்கும். அவற்றைப் புதிய பதிப்பின் மேலேயே ஒட்டினால் புதியதில் மட்டும் இருக்கும் டிஎல்எல் கோப்புகள் மிச்சமாகக் கிடந்து தகராறு செய்யும். வெற்றுக் கோப்புறையில் போட்டு, சரிபார்த்துவிட்டுப் பெயர் மாற்றுவதே நல்லது.

அதற்கு முன்னே, ஆட்டம் எதுவரை வந்தது என்று பதிந்திருக்கும் சேவ் கோப்புகளை நகலெடுக்க வேண்டும். டாக்குமென்ட்ஸுக்குள் மை கேம்ஸ், ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், யூனிட்டி விளையாட்டென்றால் லோக்கல்லோ, ஸ்டீமின் யூசர்டேட்டா என்று நாலு இடம் தேட வேண்டும். பிறகு அந்த விளையாட்டுக்கு ஸ்டீம் கிளவுடை (சேவ் கோப்புகளை இணையத்தில் வைக்கும் வசதி) அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் புதிய பதிப்பின் சேவ் கிளவுடிலிருந்து இறங்கிப் பழையதன் மேல் உட்காரும். புதிய சேவ் கோப்பைப் பழைய பதிப்பு திறப்பது அபூர்வம்.

இத்தனையும் முடித்த பிறகு, ஸ்டீம் அடுத்த முறை அப்டேட் கேட்கும். அதற்குள் உள்ள தேர்வுகளைப் பாருங்கள். எல்லாமே எப்போது புதுப்பிப்பது என்பதைப் பற்றியவைதான். புதுப்பிக்காதே என்ற தேர்வு இல்லை. ஆகவே ஸ்டீம்ஆப்ஸ் கோப்புறையில் அந்த விளையாட்டின் ஆப்மேனிஃபெஸ்ட் கோப்பை, ஸ்டீம் திருத்த முடியாதபடி, ரீட் ஒன்லி ஆக்கி வைக்கிறோம். சில சமயம் அதற்குள்ளிருக்கும் பில்ட் (கட்டி ஏற்றிய பதிப்பு) எண்ணையும் மேனிஃபெஸ்ட் எண்களையும் புதியவையாகத் திருத்தி, ஸ்டேட்ஃபிளாக்ஸ் மதிப்பை 4 ஆக்கி, ஏற்கெனவே புதியதாகத்தான் இருக்கிறது என்று ஸ்டீமை நம்பவைக்க வேண்டியிருக்கிறது. யாராவது கோப்புகளைச் சரிபார் என்ற பட்டனை அழுத்தினால் அத்தனையும் கலைந்தது. ஸ்டீமின் சொந்த பேக்கப் வசதியும் உதவாது. நகலைத் திரும்ப வைத்த கையோடு அப்டேட் கேட்கும். சொந்தக் காசில் வாங்கிய பொருளை வைத்துக்கொள்ள ஒருவர் இத்தனை வேலை செய்ய வேண்டுமா?

உங்கள் பக்கத்து வேலையைப் பாருங்கள். வெளியிடுவோருக்கென்று ஸ்டீம் வைத்திருக்கும் ஸ்டீம்வொர்க்ஸ் தளத்தில், உங்கள் விளையாட்டின் நிர்வாகப் பக்கத்தில் ஸ்டீம்பைப், பில்ட்ஸ் என்று போங்கள். புதிய கிளை ஒன்று உருவாக்கி, பெயர் கொடுத்து, கடவுச்சொல் இடத்தை வெறுமையாக விடுங்கள். கீழே நீங்கள் இதுவரை ஏற்றிய பில்ட்கள் தேதியோடு இருக்கும். வேண்டிய பழைய பில்ட்டின் வரியில் அந்தக் கிளையைத் தேர்ந்தெடுத்து, முன்னோட்டம் பார்த்து, லைவ் ஆக்குங்கள். பத்து நிமிடம் போதும். அந்தக் கிளை எல்லா டெப்போவையும் சேர்த்தே பழைய நிலைக்குக் கொண்டுபோகும் என்பதால், மேலே சொன்ன பொருத்தமின்மை ஒன்றும் வராது. சேமிப்புச் செலவு என்று சொல்ல இடமில்லை. ஸ்டீம்பைப் கோப்புகளை ஏறக்குறைய 1 எம்பி துண்டுகளாக வெட்டி வைக்கிறது. இரண்டு பதிப்பிலும் மாறாத துண்டு ஒரு முறைதான் சேமிக்கப்படுகிறது. பழைய பில்ட்கள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கின்றன. கதவுதான் பூட்டியிருக்கிறது.

செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 2023 நவம்பரில் ஹாஃப் லைஃப் 25ஆம் ஆண்டு அப்டேட் வந்தபோது, அதற்கு முந்தைய பதிப்பைத் தனிக் கிளையாக அன்றே விட்டார்கள். பாரடாக்ஸ் நிறுவனம் ஸ்டெல்லாரிஸ் போன்ற தன் விளையாட்டுகளின் பழைய பதிப்புகளை எண் வாரியாக பீட்டா தாவலில் அடுக்கி வைத்திருக்கிறது. அங்கே ஒரு ஆட்டம் மாதக்கணக்கில் போகும் என்பதால் அது அவர்களுக்குத் தெரிந்த நியாயம். ஜிஓஜி என்ற இன்னொரு இணையக் கடையின் கேலக்ஸி செயலியில் தானியங்கி அப்டேட்டை அணைத்துவிட்டுப் பட்டியலிலிருந்து பழைய பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். இட்ச் என்ற கடையின் செயலியிலும் முந்தைய பில்டுக்குத் திரும்ப வழி உண்டு. ஆப்பிள்கூட 2013 முதல், பழைய ஐபோன் வைத்திருப்பவருக்கு அந்த ஃபோனில் ஓடக்கூடிய கடைசிப் பதிப்பைத் தரவா என்று கேட்கிறது. பழைய சிஸ்டம் வைத்திருப்பவரை மதிக்கும் அந்த ஒரு கேள்வியை நீங்களும் கேளுங்கள்.

உங்கள் தரப்பில் சொல்லப்படும் காரணங்களில் கனமானது பாதுகாப்பு. அதை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நிரல் பகுதியில் ஓட்டை வெளிவந்தபோது மைன்கிராஃப்ட்டின் 1.7 முதல் 1.18 வரை எல்லாப் பதிப்பும் ஆபத்தில் இருந்தன. அதை உருவாக்கிய மோஜாங் நிறுவனம் பழையவற்றை நீக்கவில்லை. லாஞ்சரை மூடித் திறந்தாலே பழைய பதிப்புகளுக்கும் திருத்தம் போய்ச் சேரும்படி செய்தது. சர்வர் நடத்துபவர்களுக்கு 1.7 முதல் 1.11.2 வரை ஒரு அமைப்புக் கோப்பு, 1.12 முதல் 1.16.5 வரை இன்னொன்று, 1.17-க்கு ஒரு ஜாவா கட்டளை என்று பிரித்துக் கொடுத்தது. 2025 அக்டோபரில் யூனிட்டியில் ஓட்டை வந்தபோதும், மறுபடி கம்பைல் செய்யாமல் முன்பே கட்டிய விளையாட்டைத் திருத்தும் கருவியை யூனிட்டி வெளியிட்டது. பழைய கிளைக்கும் அதே திருத்தத்தைப் போடலாம். போட முடியாத நிலையென்றால் பழைய பதிப்பை ஆன்லைன் இல்லாமல், உள்ளூர் ஆட்டத்துக்கு மட்டும் விடுங்கள். உங்கள் சர்வரில் பழைய பதிப்போடு நுழைய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது காரணம் பாட்டு உரிமம். 2008-இல் வந்த ஜிடிஏ 4-இன் பாட்டுகள் பல, 10 ஆண்டு உரிமம் முடிந்ததும் 2018 ஏப்ரலில் நீக்கப்பட்டன. விளாடிவாஸ்டாக் எஃப்எம் என்ற வானொலி கிட்டத்தட்ட முழுக்கவே மாறிப்போனது. முன்பே வாங்கியவர்களும் இழந்தார்கள். பாட்டுக்காரருக்கு உரிய பணம் போக வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. புதிதாக விற்பதற்கு உரிமம் வேண்டும், சரி. ஏற்கெனவே விற்றதைத் திரும்ப இறக்கிக் கொடுப்பதற்கும் சேர்த்து ஒப்பந்தம் எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது. இனி எழுதும் ஒப்பந்தங்களிலாவது அந்த வரி இருக்கட்டும்.

புத்துருவாக்கம் என்ற பெயரில் நடப்பது எல்லாவற்றிலும் மோசம். 2020 ஜனவரியில் வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்ட் வந்தபோது, பழைய விளையாட்டை வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் அதை வெளியிட்டவர்களின் பேட்டில்நெட் செயலியில் புதிய பதிப்புதான் கிடைத்தது. டோட்டா என்ற புகழ்பெற்ற விளையாட்டு பிறந்ததே அந்தப் பழைய விளையாட்டின் வரைபட எடிட்டரில்தான். மாறாக, 2024 டிசம்பரில் வார்கிராஃப்ட் 1, 2 ஜிஓஜியில் விற்பனையிலிருந்து நீங்கியபோது, வாங்கியவர்களிடம் அவை இருந்தபடியே இருந்தன. விற்பதை நிறுத்துவது உங்கள் உரிமை. விற்றதைத் திருப்பி எடுப்பது அப்படி இல்லை.

விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் ஸ்டீம் 2024 ஜனவரி 1-இல் ஆதரவை நிறுத்தியது. 32 பிட் விண்டோஸுக்கு 2026 ஜனவரி 1 என்று அறிவித்தது. கடைச் செயலி ஓடாத சிஸ்டத்தில், அதே சிஸ்டத்துக்கென்று வாங்கிய விளையாட்டும் ஓடாமல் போகிறது. நிறுத்தும் தேதிக்கு முன், கடைச் செயலி இல்லாமலே ஓடும் ஆஃப்லைன் இன்ஸ்டாலர் ஒன்றைக் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

சட்டத்தையும் நினைவூட்டுகிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(16) பிரிவு, மின்வணிகம் என்பதில் டிஜிட்டல் பொருள்களைச் சேர்த்தே சொல்கிறது. 2(46) பிரிவு, நுகர்வோரின் உரிமையைப் பெரிதும் மாற்றும் ஒப்பந்த விதிகளை நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. அதற்கான புகாரை விசாரிப்பது மாவட்ட ஆணையம் அல்ல, மாநில ஆணையம். 2020 மின்வணிக விதிகளின்படி உங்கள் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்தியாவில் அலுவலகம் இல்லாமல் இங்குள்ளவர்களுக்கு முறையாக விற்பவர்களையும் இந்த விதிகள் கட்டுப்படுத்தும். பழைய பதிப்பு என்று இவற்றில் பெயர் சொல்லி எழுதவில்லை. ஆனால் விற்ற பொருளை விற்றபின் மாற்றுவது எந்த வகையில் சேரும் என்று கேட்க இவை போதும். பழைய பதிப்பு மறைந்து பாதிக்கப்பட்டு எங்களிடம் வருகிறவர்களுக்கு, வாங்கிய ரசீது, பதிப்பு எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட், அப்டேட் வந்த தேதி மூன்றையும் எடுத்துவைத்து முதலில் உங்கள் அலுவலருக்கும் பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் புகார் கொடுக்கச் சொல்கிறோம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா 2025 ஜனவரி 1 முதல், உரிமம்தான் விற்கிறீர்கள் என்றால் வாங்கு என்ற பட்டன் பக்கத்திலேயே அதைத் தெளிவாகச் சொல்லச் சொல்கிறது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளக் கொடுப்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

நகலெடுத்து வைத்துக்கொள்ளலாமா என்றும் நிறையப் பேர் கேட்கிறார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(அஅ) பிரிவு, சட்டப்படி ஒரு கணினி நிரலை வைத்திருப்பவர் இழப்புக்கு எதிராகக் காப்பு நகல் எடுப்பதை அனுமதிக்கிறது. நகலெடுப்பைத் தடுக்க நீங்கள் போடும் பூட்டை உடைப்பது வேறு விஷயம், அதற்கு 65அ பிரிவு இருக்கிறது. அதனால் உங்கள் பூட்டு உள்ள விளையாட்டை நகலெடுத்தும் பயனில்லாமல் போகிறது.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு மிகவும் மனம் நோகிறது. காசு கொடுத்தவருக்கு நீங்கள் தராத பழைய பதிப்பு, எண் போட்டு, மாட் பொருந்தும் என்ற குறிப்போடு, திருட்டுத் தளங்களில் கிடக்கிறது. வாங்கி வைத்திருப்பவரே அங்கே போகிறார். அங்கே சுருக்கிக் கட்டிய ரீபேக் இன்ஸ்டாலர், வைரஸைத் தடுக்கும் விண்டோஸ் டிஃபெண்டரை அணைக்கச் சொல்கிறது, அணைக்கிறார். சும்மா இருக்கும்போதே ஃபேன் இரைகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மட்டும் அடங்குகிறது என்றால் உள்ளே மைனர் (திருட்டுத்தனமாக கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்) புகுந்துவிட்டது என்று அர்த்தம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் போயிருக்கக்கூடும். டிஸ்க்கைச் சுத்தமாக அழித்து விண்டோஸ் ஏற்றி, வேறொரு சிஸ்டத்திலிருந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்வதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. உங்களிடம் பணம் கட்டியவரை அந்தத் தெருவுக்கு அனுப்புவது நீங்கள்தான்.

எல்லாப் பில்டும் முடியாதென்றால் குறைந்தது இவ்வளவாவது வையுங்கள். ஒவ்வொரு பெரிய பதிப்பின் கடைசித் திருத்தம். ஒரு விண்டோஸையோ, டைரக்ட்எக்ஸ் அல்லது ஓப்பன்ஜிஎல் நிலையையோ கைவிடுவதற்கு முந்தைய கடைசிப் பதிப்பு. புத்துருவாக்கத்துக்கு முந்தைய மூலப் பதிப்பு. கிளையின் பெயரில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும், உங்களுக்குள் மட்டும் புரியும் சங்கேதப் பெயர் வேண்டாம். கடவுச்சொல் வேண்டாம். எந்த சேவ் எந்தப் பதிப்பில் திறக்கும் என்று ஒரு வரி எழுதுங்கள். கடைக்காரர்களே, புதுப்பிக்காதே என்ற தேர்வையும் சேர்த்துவிடுங்கள்.

கிளை போட்டு முடித்ததும் ஐ3 2100, 4 ஜிபி ரேம், எச்டி 2000 கிராஃபிக்ஸ், சாதா ஹார்ட் டிஸ்க், மொபைல் ஹாட்ஸ்பாட் என்று ஒரு பெட்டியில் முதலிலிருந்து இறக்கி, கிளவுடை அணைத்து, ஒரு பழைய சேவ் கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால் இங்கேயும் திறக்கும்.

இப்படிக்கு,
திருநெல்வேலி வட்டாரத்தில் கணினி பழுது பார்ப்போரும் விளையாட்டுக் கூடம் நடத்துவோரும்